அப்புறம் தேவைப்படும்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. நல்ல பொருளை உபயோகிக்க அதற்கு மனம் வராது. உபயோகிக்கிறவர்களைக் கண்டாலோ வயிறு எரியும். ‘அப்புறம் தேவைப்படும்’ இனம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இதன் தலைசிறந்த பிரதிநிதி ஓர் ஆஸ்பத்திரி ஸ்டோர்கீப்பர். ஊழியர்கள் வைத்த பெயர் ‘பூட்டு’. கொள்ளைநோய் பரவியதும், டாக்டர்களும் நர்சுகளும் தொற்றாமல் வேலை பார்க்கட்டும் என்று நல்ல மாஸ்க்குகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. பூட்டு என்ன செய்தார்? அவற்றை இரும்பு பீரோவில் அடுக்கி, பீரோவைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, அறையைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, சாவியை இடுப்பில் செருகி, இடுப்பையும் ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டார். மாஸ்க்குகளுக்கு இனி எந்தக் கிருமியாலும் ஆபத்தில்லை! மாற்றுச் சாவி? அதுவும் பத்திரம்தான். அதே பீரோவுக்குள்.

நேர்மையான மனிதர். தனக்கென்றுகூட ஒன்று எடுக்கவில்லை; மூக்கில் கட்டியது கைக்குட்டைதான்.

தொற்று வார்டு நர்ஸ் வந்து நின்றாள். நான்கு நாளாக ஒரே மாஸ்க். அறுந்த எலாஸ்டிக்கில் முடிச்சு. வீட்டில் கைக்குழந்தை, எட்ட நின்றே கொஞ்சுகிறாள்.

“அண்ணா, புதுசு ஒண்ணு குடுங்க. இது காதுலயே நிக்கல.”

“அதான் முடிச்சு போட்டிருக்கியேம்மா, நல்லாத்தானே இருக்கு?”

“உள்ள அத்தனை பேர் இருமுறாங்கண்ணா!”

“இன்னும் நிலைமை மோசமானா என்ன பண்றது? அதுக்குத்தான் வச்சிருக்கேன்.”

“என் நிலைமை மோசமானா?”

“நீதான் அப்ப லீவுல போயிடுவியே. உனக்கெதுக்கு மாஸ்க்?”

இந்த இனத்தோடு வாதாடி ஜெயித்தவர் உண்டா?

மோசமான நிலைமை மறுவாரமே வந்தது. பூட்டுக்கே காய்ச்சல். தொற்று வார்டில் வாசலோரக் கட்டில்; தலையணைக்கடியில் சாவி. மூச்சு முட்டவே மணியை அமுக்கினார். ஓடிவந்த நர்ஸ் வாசலோடு நின்றுவிட்டாள். அன்று காலையில்தான் அந்த முடிச்சும் அறுந்திருந்தது.

“உள்ள வாம்மா!”

“வர்றேண்ணா. மாஸ்க்தான் இல்ல. நீங்களே சொல்லுங்க, நிலைமை மோசமாயிடுச்சா, இல்ல இன்னும் பார்க்கலாமா?”

பூட்டு கூரையைப் பார்த்தார். இருமினார். தலையணைக்கடியில் கை போனது. சாவி பறந்து வந்தது.

“எடுத்துக்கோ... எல்லாருக்கும் குடு!”

சாவியை சானிடைசரில் குளிப்பாட்டிக்கொண்டு ஓடியவளைப் பின்னாலிருந்து குரல் துரத்தியது: “அட்டைப்பெட்டியைக் கிழிச்சிடாதே! அப்புறம் தேவைப்படும்!”

புது மாஸ்க்கோடு வந்து அவள்தான் ஆக்சிஜன் வைத்தாள். அவர் பிழைத்தார். அவளும் நோயில் படுக்கவில்லை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அது சரி, உங்கள் வீட்டு டிவி ரிமோட்டின் பிளாஸ்டிக் உறையை எப்போது கழற்றப்போகிறீர்கள்?