மிளகாய் இல்லாத சோழ விருந்து

ஜெகதீசனின் சமையல் கொட்டகையை விட்டு முதலில் வெளியேறியது மிளகாய்.

"காய்ஞ்சதும் கூடாது, பச்சையும் கூடாது சித்தப்பா" என்றாள் சுபாஷ்ரீ. "சோழர் காலத்துல மிளகாயே கிடையாது. அது போர்ச்சுகீசியக் கப்பல்ல வந்து எறங்கினது. நம்ம ஊர்க் கல்வெட்டெல்லாம் அதுக்குப் பல நூறு வருஷம் மூத்தது."

மிளகாய் முறத்தை ஜெகதீசன் ஒரு தரம் பார்த்தார். பெற்ற பிள்ளையைப் பட்டாளத்துக்கு அனுப்புகிறவர் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

"அப்போ காரத்துக்கு இன்னா பண்ணாங்கோ?"

"மிளகு."

"சரி, மொளகு போட்டுக்கலாம். தக்காளி?"

"அதுவும் கப்பல்தான்."

"உருளைக்கெழங்கு?"

"கப்பல்."

"முந்திரி?"

"கப்பல்."

அடுப்பு மேட்டில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்த அவர் மனைவி கனகா நிமிர்ந்தாள். "ஏண்டி சுபா, உங்க சித்தப்பா மட்டும் இந்த ஊர்ல பொறந்தவரா, இல்ல அவரும் கப்பலா?"

கனகாவின் அக்கா மகள்தான் சுபாஷ்ரீ. சென்னையில் வரலாறு எம்.ஏ. படிக்கிறாள். லீவுக்கு வந்தவளிடம், "சித்தப்பாவுக்கு ஒரு ஆர்டர் வந்துகீது, ஒரு வார்த்தை பாத்துச் சொல்லு" என்று கேட்டவளே கனகாதான். அந்த ஒரு வார்த்தை காலையிலிருந்து நின்றபாடில்லை.

ஆர்டரை விடவும் முடியாது. உத்தரமேரூரில் கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதுவானாலும் ஒருகாலத்தில் ஜெகதீசன்தான் அடுப்பு மூட்டுவார். போன ஆவணியில் ஒரு நிச்சயதார்த்தத்தில் அவருடைய சாம்பார் பந்திக்கு வருவதற்குள் ஊசிப்போனது. அன்றிலிருந்து ஊர் அவரை 'ஊசல்' ஜெகதீசன் என்கிறது. மூன்று கல்யாணம் கைநழுவிப் போனது. எதிரில் வருகிறவர்கள் வணக்கம் சொல்லும்போதே லேசாக மூக்கைச் சுருக்குவதாக அவருக்குத் தோன்றியது.

அந்த நேரத்தில்தான் காஞ்சிபுரத்திலிருந்து இராமச்சந்திரன் என்று ஒருவர் போன் செய்தார்.

"உத்தரமேரூர்ல ஒரு மீட்டிங் போட்றோம்ணே. நூறு பேரு வருவாங்க. மதியம் விருந்து வெக்கணும். ஆனா சாதா விருந்து இல்ல, சோள விருந்து. எலையப் பாத்ததும் சோளந்தான் ஞாபகத்துக்கு வரணும். பளசெல்லாம் மறந்துடணும். நல்லா அமைஞ்சா எந்த ஊர்ல மீட்டிங் போட்டாலும் நீங்கதான்."

வெளியூர்க்காரன் உத்தரமேரூருக்கு வருவது இரண்டே காரணத்துக்கு. ஒன்று, பெண் பார்க்க. இல்லாவிட்டால், கல்வெட்டுப் பார்க்க. நூறு பேர் சேர்ந்து பெண் பார்க்க வர மாட்டார்கள் என்பது ஜெகதீசனுக்குத் தெரியும். வேறு எதுவும் கேட்காமல் சரி என்றுவிட்டார்.

"ஒலகத்துலயே மொதல் எலெக்ஷன் நடந்த ஊரு. வர்றவன் கல்வெட்டப் பாத்துட்டு கேசரியும் சப்பாத்தியுமா துன்னுவான்?" என்று கனகாவிடம் மார்தட்டினார்.

"அது எலெக்ஷன் இல்ல சித்தப்பா" என்றாள் சுபாஷ்ரீ. "ஓலையில பேரெழுதிக் குடத்துல போட்டு எடுக்கற குலுக்கல். எல்லாரும் நிக்கவும் முடியாது."

"குலுக்கலா?" ஜெகதீசன் வாசலை எட்டிப் பார்த்தார். "கண்ணு, இத வெளிய எங்கயும் சொல்லிக்கினு இருக்காத."

விருந்தன்று விடிந்ததிலிருந்தே ஜெகதீசன் ஓர் இடத்தில் நிற்கவில்லை. மீட்டிங் நடக்கும் மண்டபத்துச் சமையல்கட்டுக்கும் வாசலுக்குமாக நடந்தார். தோள் துண்டைத் தலையில் கட்டினார், அவிழ்த்து இடுப்பில் கட்டினார், மறுபடி தோளில் போட்டார்.

முதல் சிக்கல் டீயில் ஆரம்பித்தது. காய் நறுக்க வந்த அம்முலுவும் செவ்வந்தியும் அரிவாள்மணையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னாம்மா, நேரமாவுது?"

"டீ வர்ல" என்றாள் அம்முலு.

"இன்னிக்கு டீ கெடையாது. சோளர் காலத்துல டீயே இல்ல. கொதிக்கிற பானையிலேர்ந்து விருந்தாளி கண்ணுல படற பாத்திரம் வரைக்கும் எல்லாம் அந்தக் காலம்."

"நாங்க சோளர் இல்லையேண்ணே. செங்கல்பட்டு ரோட்ல கீறோம்" என்றாள் செவ்வந்தி.

சுக்கும் வெல்லமும் போட்டுக் கொதிக்க வைத்துக் கொடுத்தார். அம்முலு ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "யாருக்கு ஜொரம்?" என்று கேட்டாள். கடைசியில் இரண்டு பேரும் எழுந்து பஸ் ஸ்டாண்டுக்கு டீ குடிக்கப் போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான். கனகா முந்தானையைச் செருகிக்கொண்டு சேனைக்கிழங்கை வெட்ட உட்கார்ந்தாள். அரைக் கிழங்கு முடிவதற்குள் அவள் கை அரிக்க ஆரம்பித்தது.

"யோவ், உன் சோளர் நல்லா இருக்க மாட்டான்!"

அந்தச் சத்தம் அடங்குவதற்குள் குழம்புப் பக்கமிருந்து தும்மல் கேட்டது. தலைமைச் சமையல்காரர் வேதாசலம், மிளகாய் எவ்வளவு போடுவாரோ அவ்வளவு மிளகை அரைத்துக் கொட்டியிருந்தார். ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்த ஜெகதீசனுக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டது.

"இன்னா வேதாசலம் இது!"

"நீதான மொளகாய்க்குப் பதில் மொளகுன்ன? அளவு சொன்னியா?"

"தயிரு ஊத்து, அடங்கும்."

தயிர் ஊற்றினார்கள். குழம்பு திரிந்தது. திரிந்ததை மறைக்க அரிசி மாவு கரைத்து விட்டார்கள். குழம்பு களியானது. களியை இளக்கப் புளித்தண்ணீர் விட்டார்கள். புளிப்பு ஏறியது. புளிப்புக்கு வெல்லம் போட்டார்கள். வேதாசலம் கரண்டியால் தூக்கிப் பார்த்தார்.

"இப்போ இது கொளம்பா, பாயசமா?"

"சுபா!" என்று கத்தினார் ஜெகதீசன். "இந்த மாதிரி ஒண்ணு அந்தக் காலத்துல இருந்ததா?"

சுபாஷ்ரீ எட்டிப் பார்த்தாள். "எந்தக் காலத்துலயும் இல்ல சித்தப்பா."

அண்டா காலியாகி, கழுவி, மறுபடி அடுப்பேறியது. இந்த முறை கனகாவே முன்னால் நின்றாள். நல்லெண்ணெயில் சீரகம், கறிவேப்பிலை தாளித்து, கத்திரிக்காயும் வாழைக்காயும் போட்டு, அரிக்கும் கையாலேயே மிளகை அளந்து போட்டாள்.

ஜெகதீசனுக்கு அதற்குள் அடுத்த கவலை வந்துவிட்டது. கேஸ் அடுப்பு! சோழ விருந்தை சிலிண்டரிலா சமைப்பது? "அத யார் சித்தப்பா பாக்கப் போறாங்க?" என்று சுபாஷ்ரீயே தடுத்தும் கேட்காமல் விறகை இறக்கினார். ராத்திரி மழையில் நனைந்த விறகு. பற்றவில்லை; புகைந்தது. புகை மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு தெருவுக்குப் போனது. எதிர்வீட்டுக்காரர் ஒருவர் குடத்துத் தண்ணீரோடு ஓடிவந்து, யாரையும் எதுவும் கேட்காமல் அடுப்பில் ஊற்றிவிட்டு, "கரெக்டா வந்துட்டேன்" என்றார்.

மறுபடி சிலிண்டர்.

பரிமாறுகிறவர்களையாவது ஒழுங்காகக் காட்டிவிட வேண்டும் என்று ஜெகதீசன் தவித்தார். தெருக்கூத்துக்காரர் ஒருவரிடம் ஒரு கிரீடமும் மீசையும் வாங்கி வைத்திருந்தார். எதற்கும் கேட்டுவிடலாம் என்று இராமச்சந்திரனுக்குப் போன் போட்டார்.

"சார், பரிமாறுற ஆளுக்குத் தலையில ஒண்ணு வெச்சு, கெட்டப்பு போட்டு வுடலாமா?"

"தலையிலயா?" போனில் சிரிப்புக் கேட்டது. "பிரமாதம்ணே! மஞ்சக் கலரா பளபளன்னு இருக்கட்டும். சோளம்னா மஞ்சதான?"

"கொடியில கீற புலியே மஞ்சதான் சார்!"

"என்னது?"

"ஒண்ணுமில்ல சார், அசத்திடறேன்."

தங்கக் காகிதம் ஒட்டிய கிரீடம் ஆல்பர்ட்டின் தலைக்கு வந்தது. ஆல்பர்ட் பந்தி பரிமாறுவதில் கெட்டிக்காரன், கோபமே வராதவன்.

"ஆல்பர்ட்டு, இன்னிக்கு ஒரு நாளு உன் பேரு ஆதித்தன். யாரு கேட்டாலும் அதான் சொல்லணும்."

"சொல்றேண்ணே. ஆதார்லயும் மாத்தணுமா?"

பன்னிரண்டரைக்குப் பஸ் வந்து நின்றது. ஜெகதீசன் வாசலுக்கு ஓடினார். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் எல்லோரும் வேட்டியும் துண்டுமாக இருந்தார்கள். சிலர் செருப்புகூடப் போடவில்லை.

"பாத்தியா கனகா? கெட்டப்போடயே வந்துக்கீறாங்க!"

"கெட்டப்பா? அதுல ஒருத்தரு தென்னேரியில எங்க மாமன் நெலத்துக்குப் பக்கத்து நெலம் மாதிரி கீறாரே" என்றாள் கனகா.

"அவருக்கு வரலாறு புடிக்கக் கூடாதா?"

இராமச்சந்திரன் உள்ளே மேடையில் ஏதோ தாளும் படமுமாக ஒழுங்கு செய்துகொண்டிருந்தார். "மொதல்ல சாப்பாடு. வயிறு நெறஞ்சாதான் பேச்சு ஏறும்" என்று சொல்லிவிட்டார். இலை விழுந்தது. சோறு, பச்சைப்பயற்றுக் கூட்டு, மிளகுக் கத்திரிக்காய்க் குழம்பு, சேனை வறுவல், நெய், பயற்றம் பாயசம், மோர். ஆல்பர்ட் கிரீடம் கோணாமல் குனிந்து குனிந்து பரிமாறினான். குழம்பு வாளிக்குள் மீசை விழுந்தபோது யாரும் பார்ப்பதற்குள் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டான்.

பந்தியில் பேச்சே இல்லை. ஊசிப்போன அன்றைக்கும் முதலில் இப்படித்தான் அமைதியாக இருந்தது. ஜெகதீசன் தூணுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு மூக்காகப் பார்த்தார்.

தென்னேரிக்காரர் விரலை நக்கினார். "யாருப்பா கொளம்பு வெச்சது? எங்கம்மா கைய நெனப்பு மூட்டுது. இன்னும் ரெண்டு கரண்டி வுடு."

தாமலிலிருந்து வந்திருந்த இன்னொருவர், "மொளகாயே இல்ல, ஆனா காரம் சுருக்குனு கீது" என்றார். அதற்குப் பிறகு நாலாபுறமும் இலையைத் தட்டிக் கூப்பிட்டார்கள். ஆல்பர்ட்டின் கால் தரையில் பாவவில்லை.

ஜெகதீசன் தூணை விட்டு வெளியே வந்தார். அரித்துச் சிவந்த கையோடு நின்ற கனகாவைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பு கொடுத்த தெம்பில், யாரும் கேட்காமலே, பந்தி நடுவில் வந்து நின்று கும்பிட்டார்.

"ஐயா, எல்லாருக்கும் வணக்கம். இந்த எலையில வெளிநாட்டுலேர்ந்து வந்த சாமான் ஒண்ணுகூடக் கெடையாது. மொளகா இல்ல, தக்காளி இல்ல, உருளைக்கெழங்கு இல்ல. ஆயிரம் வருஷமா இந்த மண்ணுல இன்னா வெளைஞ்சதோ அதான். நம்ம முப்பாட்டன் துன்னதுக்கு மேல புதுசா எதுவுமே நமக்குத் தேவையில்ல!"

பந்தியே கை தட்டியது. தென்னேரிக்காரர் எச்சில் கையோடு எழுந்தே நின்றுவிட்டார்.

"அப்புடிச் சொல்லு! நம்ம நெல்லு கீது, பயிறு கீது, கத்திரிக்கா கீது. வேற எவன் வெதையும் நமக்கு இன்னாத்துக்கு? இத சொல்றதுக்குத்தான் கூட்டிக்கினு வந்தாங்கன்னா, இந்தக் கம்பெனி நல்ல கம்பெனிதான்யா!"

"பேஜார் புடிச்ச வேலையெல்லாம் வோணாம். பாட்டன் போட்ட நெல்லே போதும்" என்றார் தாமல்காரர். எல்லோரும் திருப்தியாகக் கை கழுவி, தாம்பூலம் எடுத்துக்கொண்டு, மேடைப் பக்கம் திரும்பாமல் நேராகப் பஸ்ஸை நோக்கி நடந்தார்கள்.

இராமச்சந்திரன் மேடை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். அவர் கையில் இருந்த தாள்கள் ஒவ்வொன்றாக நழுவின.

ஜெகதீசன் பதறிப்போனார். ஒரு டம்ளர் மோரை எடுத்துக்கொண்டு ஓடினார். "சார், சார்! சாப்பாட்டுல ஏதாவது கொறையா? உப்பு கம்மியா?"

இராமச்சந்திரன் அவரைப் பார்த்தார். பக்கத்தில் கிரீடத்தோடு நின்ற ஆல்பர்ட்டைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"சுபா, நீயாவது சொல்லேன். இன்னா தப்பு நடந்துச்சு?"

சுபாஷ்ரீக்கும் புரியவில்லை. "தப்பே இல்ல சித்தப்பா. வரலாற்றுப்படி எல்லாம் கரெக்ட்."

அதற்குள் பஸ் டிரைவர், பல்லைக் குத்திக்கொண்டே, பாயசம் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க உள்ளே வந்தார். மேடையில் இருந்தவரின் நிலைமையையும் ஜெகதீசனின் முழியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஜெகதீசனின் காதருகே குனிந்தார்.

"அண்ணே, இவரு மக்காச்சோள வெதை விக்க வந்த கம்பெனிக்காரரு, கேட்டது கோயில் கட்டுன சோளரோட விருந்து இல்ல, கொல்லையில வெளையுற சோளத்தோட விருந்து!"