பந்தியில் நடத்திய பரிசோதனை

ஒரு வேலையில் கெட்டிக்காரனாக இருப்பவன் எல்லா வேலையிலும் மூக்கை நுழைப்பான். தடுக்க முடியாது. (என்னை யாராலும் முடியவில்லை.)

நான் பெங்களூரில் ஒரு பெரிய சாஃப்ட்வேர் கம்பெனியில் புராடக்ட் மேனேஜர். செல்போன் ஆப்பில் எது, எப்படி வர வேண்டும் என்று முடிவு செய்யும் வேலை. எங்களில் சிலர் வாடிக்கையாளரைக் கேள்வி கேட்டே களைப்பாக்குவார்கள். சிலர் மீட்டிங் போட்டே பதவி உயர்வு வாங்குவார்கள். நான் வேறு ரகம். பாதிப் பேருக்குப் பச்சை பட்டன், பாதிப் பேருக்கு நீல பட்டன்; எதை அதிகம் பேர் அமுக்குகிறார்களோ, அதுவே எல்லோருக்கும். முன்கூட்டி யாரிடமும் சொல்ல மாட்டேன். சொன்னால் சோதனை கெட்டுவிடும்.

தங்கை கல்யாணத்துக்காக ஸ்ரீரங்கம் வந்தேன். முதல் நாள் மாலை ரிசப்ஷனுக்கு என்ன இனிப்பு என்பதில் வீடு இரண்டுபட்டிருந்தது. அப்பா அக்காரவடிசல் கட்சி. அம்மா சேமியா பாயசம்.

"ரெண்டையும் பண்ணுங்க. முதல் பந்தியில பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன் சமையல் மாஸ்டரிடம்.

இடது வரிசைக்கு அக்காரவடிசல், வலது வரிசைக்குப் பாயசம். நடுவில் நின்று ஒவ்வொரு முகமாகக் கவனித்தேன். வலது வரிசை முழுக்க எடமலைப்பட்டி புதூரிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் என்பதை மட்டும் கவனிக்கவில்லை.

மாப்பிள்ளையின் தாய்மாமன் எதிர் இலையை எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, உங்க ஆளுங்களுக்கு நெய் ஒழுகுது, எங்களுக்குச் சேமியாவா?"

"கோவிச்சுக்காதீங்க மாமா. இது ஒரு டெஸ்ட். உங்க வரிசை எதை ஏத்துக்குதுன்னு பார்க்குறோம்."

(இப்படிப் பேசினால் ஆபீசில் கைதட்டுவார்கள்.)

அவர் இலையை மடித்துவிட்டு எழுந்தார். வரிசையே எழுந்தது. "விடிஞ்சா முகூர்த்தம். இப்பவே எங்களுக்கு டெஸ்ட் வைக்கிறீங்களா?"

அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டியது. கல்யாணம் நின்றால் எந்த பட்டனை அமுக்குவது?

மேடையிலிருந்து தங்கை இறங்கி வந்தாள். அக்காரவடிசல் வாளியைத் தானே கையில் வாங்கிக்கொண்டாள்.

"உட்காருங்க மாமா, நானே போடுறேன். அண்ணன் எப்பவும் இப்படித்தான். இதுக்கு பெங்களூர்ல சம்பளம் வேற குடுக்குறாங்க!"

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புது இலை போட்டு, இரண்டு இனிப்பையும் பரிமாறினோம்.

முகூர்த்தம் குறித்த நேரத்தில் நடந்தது. இன்றும் சொல்கிறேன், சோதனையில் தவறே இல்லை. ஆட்கள்தான் இடம் மாறி உட்கார்ந்துவிட்டார்கள்.

மாப்பிள்ளை வீட்டில் இதை ஒப்புக்கொள்வதில்லை. அங்கே எந்த விசேஷம் என்றாலும் எனக்கு மட்டும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இலை போடுகிறார்கள். நான் எதில் உட்கார்ந்தாலும் பாயசம் அடுத்த இலையில்தான் விழுகிறது.