துபாய் சகலைக்கு முதல் பாடம்

ஒரு காரியம் முதல் தடவையிலேயே சரியாக வந்துவிட்டால், அதைச் செய்தவனை நம்பாதீர்கள். இரண்டு தடவை சொதப்பியவன் மூன்றாம் தடவை பயந்து பயந்து செய்வான், பிழைத்துக்கொள்வான். முதல் தடவையே ஜெயித்தவனுக்குத் தலையில் கொம்பு முளைத்துவிடும். எனக்கும் ஒரு வெள்ளிக்கிழமை வரைக்கும் கொம்பு இருந்தது.

தூத்துக்குடி துறைமுகத்தில் ஒரு ஷிப்பிங் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களுக்கு வைத்தியம் பார்ப்பது என் பிழைப்பு. வீடு காயல்பட்டினத்தில். ‘என் வீடு’ என்று சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். எங்கள் ஊர் வழக்கப்படி பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவான். நானும் அப்படி வந்து சேர்ந்தவன்தான். என் மனைவி ரஹ்மத்துக்கும் மாமியாருக்கும் உரிய இந்த வீட்டை ஒட்டி, ரஹ்மத்தின் அக்கா வீடு. அந்த அக்காவை ஊர் வழக்கப்படி லாத்தா என்பாள். அதை ஒட்டி, மாமியாரின் தங்கை நஃபீஸா வீடு. அவரை எல்லாரும் சாச்சி என்போம்.

இந்த மூன்று வீடுகளுக்கும் நடுவே உள்ளுக்குள்ளேயே வாசல்கள் உண்டு. பெண்கள் தெருவில் கால் வைக்காமல் இந்த அடுப்படியில் புறப்பட்டு அந்த அடுப்படியில் போய் இறங்குவார்கள். கையில் கறிச்சட்டியோடு போய், வேறு கறிச்சட்டியோடு வருவார்கள். ஆண்களுக்கு அந்தப் பாதை கிடையாது. அடுத்த வீட்டுக்குப் போக வேண்டுமானால் நான் தெருவில் இறங்கி, சுற்றிப் போய், வாசலில் நின்று இரண்டு தடவை செருமிவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த உள்வாசலுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று நான் கண்டதில்லை.

ரஹ்மத் கம்ப்யூட்டர் படித்தவள். தெருப் பெண்களுக்கு வீட்டிலேயே ஒரு வகுப்பு நடத்த வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. பஸ் ஏறி வெளியூர் போய்ப் படிக்கப் பாதிப் பேரை வீட்டில் விடமாட்டார்கள். மீதிப் பேருக்கு இடுப்பில் பிள்ளை. மாமியார் கடைசியில் கூடத்தைத் தர ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்.

“ஏளா, வெள்ளிக்கிழம சாயங்காலம் அஸர் தொழுதுட்டு நம்ம தெரு உம்மாமாரக் கூப்பிட்டுக் காட்டு. பிள்ளையள அனுப்புதோம்னு அவங்க சொன்னா வகுப்பு. இல்லன்னா கூடம் கூடமாவே கெடக்கட்டும். பொறவு இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது.”

கம்ப்யூட்டர் ஏற்பாடு என் பொறுப்பு. எங்கள் அலுவலகத்தில் கழித்துப்போட்ட எட்டு கம்ப்யூட்டர்களை நான் கெஞ்சி வாங்கி வந்திருந்தேன். ரகசியம் வெளியே போய்விடக் கூடாது என்று அவற்றின் ஹார்ட் டிஸ்க்குகளை உருவிவிட்டுத்தான் கொடுத்தார்கள். (எந்தக் கப்பலில் எத்தனை மூட்டை பருப்பு வந்தது என்பது அந்த ரகசியம்.)

“பேசாம எட்டுக்கும் டிஸ்க்கு வாங்கிப் போட்ருவோமே மச்சான்” என்றாள் ரஹ்மத்.

நியாயமான பேச்சு. உலகத்தில் எந்தப் புருஷனும் “சரி” என்று சொல்லியிருப்பான்.

“டிஸ்க்கா? அதெல்லாம் அந்தக் காலம்” என்றேன் நான். “ஒரே ஒரு சர்வர் வைக்கேன். எட்டும் அதுலயிருந்தே கெளம்பும்.”

விஷயம் இதுதான். டிஸ்க் இல்லாத கம்ப்யூட்டரைத் தட்டினால், அது கேபிள் வழியாக “யாராவது இருக்கீங்களா? நான் எங்கேயிருந்து தொடங்க?” என்று கூவும். எங்கேயோ இருக்கும் சர்வர் அந்தக் குரலைக் கேட்டு, “இந்தா, உனக்கு ஒரு முகவரி, இந்தா, நீ ஓட்ட வேண்டிய சாமான்” என்று எடுத்துக் கொடுக்கும். அவ்வளவுதான். மாடியில் ஒரு கம்ப்யூட்டரை மட்டும் சர்வரோடு கோத்துத் தட்டிப் பார்த்தேன். முதல் தட்டிலேயே வந்தது! நான் போட்ட ஆட்டத்தில் கீழே மாமியார் “மேல என்ன, பூனையா?” என்று கேட்டார்.

திரையில் வந்தது ரஹ்மத் தயாரித்த முகப்பு. சுற்றிலும் ரோஜாப்பூ. நடுவில் பெரிய எழுத்தில்: ‘அஸ்ஸலாமு அலைக்கும். இது பெண்களுக்கு மட்டுமான வகுப்பு. கூச்சப்படாமல் உட்காருங்கள். முதல் பாடம்: உங்கள் கைக்குப் பக்கத்தில் இருப்பது மவுஸ். பயப்பட வேண்டாம், கடிக்காது.’

வெள்ளிக்கிழமை வந்தது. கூடத்தில் எட்டு கம்ப்யூட்டர்கள் வரிசையாக உட்கார்ந்தன. அதற்கு முந்தைய சிறிய அறையில் நானும் என் சர்வரும். நடுவே ஒரு திரைச்சீலை. வீட்டு இணையத்துக்கு ஏற்கெனவே அங்கே ஒரு பெட்டி இருந்தது. அதிலேயே சர்வரையும் செருகினேன். அந்தப் பெட்டியிலிருந்து ஒரு வயர் சுவருக்குள் போய் மறைந்தது. சுவருக்குள் போன வயர் எங்கே போகும்? ‘எங்கேயாவது போய் முடிந்திருக்கும்’ என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். (அலுவலகத்தில் யாராவது இப்படிச் சொன்னால் நான் ஒரு மணி நேரம் பாடம் நடத்துவேன்.)

உம்மாமார்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். வளையல் சத்தமும் சர்பத் டம்ளர் சத்தமும் கேட்டன. சரியாக அப்போது பார்த்துக் கரண்ட் போனது.

நான் பதறவில்லை. சர்வருக்கு மட்டும் யுபிஎஸ் வைத்திருந்தேன்! என் முன்யோசனையை நானே மெச்சிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் திரும்பி வந்தது. “இப்பத் தட்டு” என்று திரைச்சீலையைப் பார்த்து ராஜ கம்பீரமாகச் சொன்னேன்.

எட்டு பொத்தான்களும் தட்டப்படும் சத்தம் கேட்டது. பிறகு ரஹ்மத்தின் குரல், மிகவும் தாழ்ந்து:

“மச்சான், எட்டும் கருப்பாவே நிக்கி.”

“கேபிளப் பாரு.”

“பாத்தாச்சு.”

“அணைச்சுப் போடு.”

“போட்டாச்சு. கருப்பாத்தான் நிக்கி. இங்கன எல்லாரும் என்னையவே பாக்காங்க.”

கொம்பு அந்த இடத்தில் லேசாக ஆட ஆரம்பித்தது. அதோடு நிற்கவில்லை. உள்வாசல் பக்கமிருந்து மாமியாரின் குரல் வந்தது. “மாப்பிள்ள, என்ன செஞ்சிய? மூத்தவ வீட்டுல டிவி நின்னுட்டாம். போனுல ஒண்ணும் ஓடலையாம். மவ கத்துதா.” நான் சர்வரைப் பார்த்தேன். அது பச்சை விளக்கைச் சிமிட்டி, ரொம்ப மும்முரமாக யாருக்கோ வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் தெரு வாசலில் இரண்டு செருமல். ஹமீது காக்கா. என் சகலை, ரஹ்மத்தின் அக்கா புருஷன். (காக்கா என்றால் எங்கள் ஊரில் அண்ணன்.) துபாயில் ஒரு பெரிய கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவுக்கே மேனேஜர். விடுப்பில் வந்தும் விடாமல் மீட்டிங் பேசுகிறவர். எங்கள் வீட்டுச் சுவரின் கனத்துக்கு வைஃபை தாண்டாது என்பதால் லேப்டாப்பில் எப்போதும் வயரைச் செருகித்தான் உட்கார்ந்திருப்பார். மேலே கோட்டு, கீழே கைலி. அந்தக் கோலத்திலேயே, திறந்த லேப்டாப்பை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றார்.

“ஏலே, மீட்டிங் அந்து போச்சேன்னு அணைச்சுப் போட்டேன். இதப் பாரு என்ன வருதுன்னு.”

பார்த்தேன். சுற்றிலும் ரோஜாப்பூ.

“‘கூச்சப்படாமல் உட்காருங்கள்’னு சொல்லுதுலே! ‘மவுஸ் கடிக்காது’ங்குது! யாருக்குலே சொல்லுது? எனக்காலே?”

வேறு எவனாக இருந்தாலும் அந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டிருப்பான். நான் என்ன செய்தேன் தெரியுமா? “வேலை செய்யுது காக்கா! வேலை செய்யுது!” என்று கத்திக்கொண்டு அவரைக் கட்டிப்பிடித்தேன். நடுவில் லேப்டாப் நசுங்கியது. என் வாழ்க்கையிலேயே அவ்வளவு தப்பான நேரத்தில் நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அப்புறம்தான் மூளை மெதுவாக வந்து சேர்ந்தது. “உங்க லேப்டாப்புக்கு என் சர்வர் எப்படி காக்கா...”

திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து ரஹ்மத் பதில் சொன்னாள். “அந்த வயரு லாத்தா வீட்டுக்குல்ல போவுது. அங்கனயிருந்து சாச்சி வீட்டுக்குப் போவுது.”

“இத ஏன் எங்கிட்ட சொல்லல?”

“நீங்க கேக்கலையே. வீட்டுக்குள்ளதானே போவுதுன்னு இருந்துட்டேன்.”

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பிறந்ததிலிருந்து அவளுக்கு அது ஒரே வீடு. தெரு வழியாகச் சுற்றிப் போகிற எனக்குத்தான் மூன்று வீடு. நான் எட்டு கம்ப்யூட்டருக்கு எட்டு முகவரி, மரியாதைக்கு இரண்டு கூட என்று எண்ணி வைத்திருந்தேன். கல்யாணக் களரி விருந்துக்கு, கூடி உட்கார்ந்து சாப்பிடும் சஹன் தட்டுகளை எண்ணி வைத்த மாதிரி. கரண்ட் வந்ததும் மூன்று வீட்டு டிவியும் போனும் முண்டியடித்து வந்து பந்தியில் உட்கார்ந்துவிட்டன. பழைய இணையப் பெட்டி கண் விழிக்குமுன் என் சர்வர் எல்லாருக்கும் பரிமாறி முடித்துவிட்டது. அழைத்த விருந்தாளிகள் எட்டுப் பேரும் வாசலில் பட்டினி. உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்கோ என் சர்வரைத் தாண்டி வெளியுலகத்துக்கு வழி கிடையாது. காக்காவின் கம்பெனி லேப்டாப், தட்டினால் தன் டிஸ்க்கைப் பார்க்குமுன் வயரில் கேட்கிற ரகம், அதனால்தான் அதில் ரோஜாப்பூ.

வயரைப் பிடுங்கக் கை வைத்தேன். அப்போது ரஹ்மத் சொன்னாள்: “இனி என்னத்துக்கு? எல்லாரும் எந்திரிச்சுப் போயிட்டாங்க.”

அவள் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். குரலில் கோபமே இல்லை. இத்தனை நாள் ராத்திரி பகலாக ரோஜாப்பூ வரைந்தவளின் வகுப்பை, டிஸ்க் வாங்க மாட்டேன் என்ற வீம்பில் நானே மூடிவிட்டேன். உண்மையாகவே அழுகை வந்தது. ஹமீது காக்கா கூட லேப்டாப்பை மடித்து வைத்துவிட்டு என் தோளைத் தொட்டார்.

அந்த நேரத்தில் எங்கேயோ உள்ளே, இரண்டு சுவர் தாண்டி, ஒரு பெரிய சிரிப்புச் சத்தம். தெருப் பக்கமிருந்து அல்ல. உம்மாமார்கள் போனது உள்வாசல் வழியாக! ரஹ்மத் ஓடினாள். எனக்கு அந்தப் பக்கம் போக வழியில்லை. நானும் சகலையும் சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றோம்.

நடந்தது இது. சாச்சிக்கு முட்டுவலி, விழாவுக்கு வர முடியவில்லை. அவர் வீட்டில் மகனுடைய பழைய கம்ப்யூட்டர் ஒன்று, டிஸ்க் கெட்டுப்போய், செருகிய வயர்களைக்கூடக் கழற்றாமல், பூச்சாடி வைக்கும் மேஜையாகக் கிடந்தது. கரண்ட் வந்த வேகத்தில் அது தானாகவே கிளம்பி, திரையில் சலாம் சொல்லி, ‘கூச்சப்படாமல் உட்காருங்கள்’ என்றது. வர முடியாதவளுக்கு ரஹ்மத் பாடத்தை வீட்டுக்கே அனுப்பியிருக்கிறாள் என்று சாச்சி நினைத்துவிட்டார். சொன்னபடி உட்கார்ந்தார். மவுஸைத் தொட்டுப் பார்த்தார். கடிக்கவில்லை. அடுத்தது, அதற்கடுத்தது என்று போய், தன் பேரைத் தானே அடித்துவிட்டார். அடித்துவிட்டுப் போட்ட கூச்சலில்தான் லாத்தா ஓடி வந்து, “சாச்சி கம்ப்யூட்டர் படிக்காங்க!” என்று கூடத்தில் உம்மாமார் காதில் போட்டிருக்கிறாள்; திரைச்சீலைப் பக்கம் திரும்பி என்னோடு பேசிக்கொண்டிருந்த ரஹ்மத்துக்கு அது கேட்கவில்லை.

உம்மாமார்கள் போய்ப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருத்தராக மவுஸைப் பிடித்தார்கள். “நஃபீஸாவே படிக்கும்போது நம்ம பிள்ளையளுக்கு என்ன?” என்றாராம் ஒருவர். இன்னொருவர், “பிள்ளையள விடு, நாம எப்ப வர?” என்றாராம்.

ரஹ்மத் மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். “வயரப் புடுங்கிராதீங்க மச்சான்! சாச்சி அங்கனயிருந்தே படிக்கப் போறாங்களாம்!”

நான் பிடுங்கவில்லை. முகவரிகளைத் தாராளமாகக் கூட்டினேன். வெளியுலகத்துக்கும் வழி விட்டேன். டிவி ஓடியது. ஹமீது காக்காவுக்கு மீட்டிங் திரும்பக் கிடைத்தது. கூடத்தில் எட்டுத் திரையும் ஒன்றன்பின் ஒன்றாக ரோஜாப்பூ பூத்தன. திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் மாமியார், “மாஷா அல்லாஹ், மாப்பிள்ள!” என்றார். கொம்பு மறுபடி முளைக்கப் பார்த்தது, தட்டிவிட்டேன்.

வகுப்பு இன்றைக்கும் நடக்கிறது. கைப்பிள்ளைக்காரிகளுக்காக இன்னும் இரண்டு வீட்டுக்கு வயர் போயிருக்கிறது. (இந்த முறை வரைபடம் ரஹ்மத் போட்டாள்.) முதல் தொகுதி முடிந்தபோது கூடத்தில் எல்லாருக்கும் சான்றிதழ் கொடுத்தாள். சாச்சி முட்டுவலியோடு நடந்து வந்து, தன் கையாலேயே பேர் அடித்த தாளை வாங்கிக்கொண்டார். துபாயிலிருந்து வீடியோவில் ஹமீது காக்கா, “முதல் பாடம் நானும்தான் முடிச்சேன், எனக்கு எங்க?” என்று சண்டை போட்டார். அவருக்கும் ஒன்று அனுப்பினோம். ஆபீஸில் மாட்டியிருக்கிறாராம்.

“ஏளா, இத்தன பேருக்குக் குடுத்தியே, நம்ம மாப்பிள்ளைக்கு ஒண்ணு குடுக்கலையா?” என்று கேட்டார் மாமியார்.

ரஹ்மத் தாள்களை அடுக்கிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்: “அவுக இன்னும் பாஸாகல உம்மா.”

அன்றிலிருந்து நான் ஒரு பல்பு மாற்றினாலும், மோட்டாரைத் தட்டி ஓடவிட்டாலும், மூன்று வீட்டிலிருந்தும் ஒரே கேள்விதான் வருகிறது: “பாஸாயாச்சா?”