கொல்லையில் கொட்டிய கறிக்குழம்பு

கறிக்குழம்புச் சட்டியோடு மகள் அனுசியா கொல்லைப்பக்கம் போவதைப் பார்த்ததும் தனுஷ்கோடி குறுக்கே போய் நின்றார்.

"ஏத்தா, எங்க போற?"

"கொட்டப் போறேன்ப்பா. விடியக்காலம் அஞ்சு மணிக்கு எறக்குனது. இப்ப மணி ஒண்ணு."

"பந்தல்குடி மாப்ள வீட்டு வேனு வாசல்ல நிக்கிது! அவுகளுக்கு எதப் போட?"

"சூடா சோறு, ரசம், அவிச்ச முட்ட. அரை மணி நேரம் பேசிக்கிட்டு இருங்க."

பெண் பார்க்க ஒன்பதுக்கே வரவேண்டியவர்கள். வழியில் டயர் வெடித்துவிட்டதாம். பெண் பிடித்தால்தான் சாப்பிட்டுக் கை நனைப்பார்கள். இதற்கு முன் வந்த மூன்று வீட்டாரும் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்துபோனார்கள்.

தனுஷ்கோடி கடைக்கு ஓடி ஐஸ் மோர் வாங்கிவந்தார். அனுசியா அதை முருங்கைக்கு ஊற்றினாள்.

"ஐஸு எந்தத் தண்ணியோ? இன்னைக்கு நீங்க திங்கிறது, நாளைக்கு நான் வேல பாக்குற ஆஸ்பத்திரி லேபுல எங்கிட்டத்தான் டப்பாவுல வரும்."

"வாய மூடு தாயி, கேட்டுறப் போகுது!"

மறுபடி ஓடினார். தர்ப்பூசணித் துண்டுகளை இந்தமுறை நேராகக் கூடத்துக்கே கொண்டுபோனார். மாப்பிள்ளையின் அம்மா சுந்தராம்பாள் ஒன்றை எடுத்து, கடிக்காமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அனுசியா விறுவிறுவென்று வந்து அதைக் கையிலிருந்தே பிடுங்கினாள்.

"வேணாம் அத்த. ஈ மொச்சது. சோறு ஆயிருச்சு, எல்லாரும் சோப்புப் போட்டுக் கையக் கழுவிட்டு வாங்க."

மாப்பிள்ளையின் அப்பா மீசையைத் தடவினார். "எனக்குமாத்தா?"

"ஒங்களுக்குந்தான் மாமா. நகக்கண்ணையும் சேத்துத் தேய்க்கணும்."

சுந்தராம்பாள் எழுந்தார். அடுப்பங்கரைக்குள் போனார். தண்ணீர்ப் பானையைத் திறந்து மூடினார். கொல்லையில் காக்கைகள் கறிக்கு அடித்துக்கொள்வதை எட்டிப் பார்த்தார். தனுஷ்கோடி கண்ணை மூடிக்கொண்டார். நாலாவதும் போச்சு.

திறந்தபோது எட்டுப் பேரும் சோப்புக்கு வரிசையில் நின்றார்கள். மீசைக்காரர் நகக்கண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இலையில் ஆவி பறந்தது. சுந்தராம்பாள் இரண்டாவது தடவையும் ரசம் கேட்டு வாங்கினார்.

தனுஷ்கோடியால் நம்பவே முடியவில்லை. சாப்பிட்டு வெளியே வந்த வேன் டிரைவர் சோலையிடம், "என் மக பேச்சுக்கு எந்திரிச்சு ஓடிருவாகன்னுல்ல நெனச்சேன். நல்லவேள, டயரு வெடிச்சதுல பசி வந்துருச்சு போல" என்றார்.

"டயரு எங்கண்ணே வெடிச்சுச்சு? போன மாசம் பொண்ணு பாக்கப் போன ஒரு வீட்டுல காலைல வச்ச கொழம்பத் தின்னு எட்டுப் பேரும் ஆஸ்பத்திரில கெடந்தாக. அதான் இங்கயும் பழசப் போடுறாகளான்னு பாக்க, இன்னைக்கு எட்டரைக்கே வந்து, ஒங்க பாலவனத்தம் பஸ்டாப்புல மணி ஒண்ணாகட்டும்னு ஒக்காந்துருந்தோம்!"