பெட்டிக்குள் படுத்திருந்த துரையைப் பற்றி மாப்பிள்ளைக்கு எழுதுவது

ஏர்வாடி,
9.3.1983, புதன் காலை.

என் தங்கையின் கணவரும், இந்த வீட்டின் ஒரே மாப்பிள்ளையும், சவூதி தம்மாமில் குளிர்சாதனக் கம்பெனியில் மதிப்போடு வேலை பார்த்து வருபவருமாகிய அன்புள்ள பாக்கர் அவர்களுக்கு, மச்சான் காதர் மைதீன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும், என் வீட்டில் தாஜுன்னிசாவும், தங்கச்சி நஃபீசாவும், இரண்டு ஆடுகளும் சுகம். நீங்கள் அனுப்பிய டெலிவிஷனும் சுகம். ஆனால் அது வந்த அட்டைப் பெட்டிக்குள்ளேயே திரும்பவும் போய்விட்டது. கயிறு போட்டுக் கட்டியது நான்தான். ஏன் கட்டினேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நடுவில் எழுந்து டீ குடிக்கப் போகாமல் முழுவதும் படிக்கவும்.

இந்த நோன்புப் பெருநாளுக்கும் வர முடியாது, அதற்குப் பதிலாக வீடியோ டெக் ஒன்று அனுப்புகிறேன் என்று நீங்கள் எழுதிய கடிதம் போன வாரம் கிடைத்தது. நீங்கள் போய் நாலு வருடம் ஏழு மாதம் ஆகிறது. முதல் பெருநாளுக்கு டேப் ரிக்கார்டர் வந்தது. அடுத்ததற்கு மிக்ஸி வந்தது. போன பெருநாளுக்கு டெலிவிஷன். ஒவ்வொரு பெருநாளுக்கும் உங்களைத் தவிர எல்லாம் வந்து சேர்கிறது. டெக் வேண்டாம். அனுப்பினால் வந்த வழியே திருப்பி அனுப்புவேன். இதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

முதலில் ஒரு உண்மை. எனக்குச் சிங்களம் தெரியாது. கொழும்பில் எட்டு வருடம் ஜவுளிக் கடையில் இருந்தேன் என்பது நிஜம். ஆனால் இருந்தது கடையின் பின்பக்கக் கிடங்கில். என்னோடு இருந்தவர்கள் கீழக்கரைக்காரர் இருவர், காயல்பட்டினத்துக்காரர் ஒருவர். எட்டு வருடத்தில் நான் கற்ற சிங்களம், கஜம் அளக்கும்போது ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணுவதும், யார் என்ன சொன்னாலும் சரி என்பதற்கு ‘ஹரி, ஹரி’ என்று தலையாட்டுவதும்தான். எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஊருக்குத் திரும்பிய பிறகு சம்பந்தம் பேசிய இடத்தில் தாஜுன்னிசாவின் வாப்பா, “மாப்பிள்ளைக்குச் சிங்களமெல்லாம் தண்ணி பட்ட பாடாமே?” என்று கேட்டார். நான் மறுக்கவில்லை. கல்யாணமாகி இருபத்தாறு வருடமாகியும் மறுக்க ஒரு நல்ல சந்தர்ப்பம் அமையவில்லை.

இப்படியிருக்கும்போதுதான் உங்கள் டெலிவிஷன் வந்து இறங்கியது. மதுரைக்கே இன்னும் டெலிவிஷன் வரவில்லை. எங்களுக்கோ கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கைக்காரன் காட்டுவது இலவசமாக வருகிறது. பழைய தோணியின் பாய்மரத்தை வாங்கி மொட்டை மாடியில் நட்டு, அதன் உச்சியில் ஆண்டெனாவைக் கட்டினோம். படம் தெரிந்தது. தெரு முழுவதும் வந்துவிட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அன்றைக்கு ‘எல்லே’ என்று ஒரு விளையாட்டு காட்டினார்கள். மரக்கழியால் பந்தை அடித்துவிட்டு ஓடுவார்கள். கொழும்பில் இருந்தபோது விடுமுறை நாட்களில் மைதான ஓரத்தில் நின்று நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் தெம்பாகவே சொன்னேன்: இதில் அடிக்கிறவனுக்குப் பந்து போடுகிறவன் அவனுடைய சொந்தக் கட்சிக்காரன்தான் என்று. “போங்க காக்கா, எந்தக் கிறுக்கன் அப்படி வெளையாடுவான்?” என்று என்னை அண்ணனாக நினைக்கிறவர்களே சிரித்தார்கள். மாப்பிள்ளை, இந்த ஆறு மாதத்தில் நான் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை. அதை மட்டும் ஒருவரும் நம்பவில்லை.

டிசம்பரில் அந்தப் பாழாய்ப்போன தொடர் ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு அரை மணி நேரம், மொத்தம் பதின்மூன்று வாரம். கறுப்பு வெள்ளைப் படம். பேச்சு இங்கிலீஷ். அதுவும் கடல்காற்றில் அப்பளம் பொரிக்கிற சத்தமாகத்தான் கேட்கும். கீழே சிங்கள எழுத்து ஓடும். இடிந்த மாளிகை ஒன்று. அதில் கறுப்பு அங்கி போட்ட நெட்டையான துரை ஒருவர். பகலெல்லாம் பெட்டிக்குள் படுத்துக்கொள்கிறார், பொழுது சாய்ந்தால் எழுந்து வருகிறார். எதிர் வீட்டில் இரண்டு அக்கா தங்கைகள், அவர்களுக்குத் துணையாக ஒரு கிழட்டு டாக்டர். கூடத்தில் இருபது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் நம் ஜமாஅத் செயலாளர் அகமது கபீர் நின்றுகொண்டிருந்தார். “பொம்பளைப் புள்ளைக பாக்குறது. அசிங்கமா ஏதும் வந்துச்சுன்னா இந்தப் பெட்டி தெருவுல இருக்கக் கூடாது, பாத்துக்கங்க” என்று அவர் அப்போதுதான் சொல்லி முடித்தார். சொல்லி முடிக்கவும், துரை அந்த அக்காக்காரியின் தோளைப் பிடித்துக் கழுத்தில் முகத்தைப் புதைக்கவும் சரியாக இருந்தது.

கபீர் தொண்டையைக் கனைத்தார். நான் எழுத்தைப் படிக்கிற மாதிரி கண்ணைச் சுருக்கி, “காதில ஒரு ரகசியம் சொல்றாரு” என்றேன். “என்ன ரகசியம்?” என்றாள் தாஜுன்னிசா. “குடும்ப ரகசியம்” என்றேன். அதற்குள் படத்தில் அந்தப் பெண் மயங்கி விழுந்துவிட்டாள். “பெரிய ரகசியமாத்தான் இருக்கும் போல” என்று சொல்லிவிட்டுக் கபீர் செருப்பைக் கழற்றி உள்ளே வந்து உட்கார்ந்தார். டெலிவிஷன் பிழைத்தது. நான் மாட்டிக்கொண்டேன்.

அடுத்த வாரம், அந்த மனிதர் ஏன் பெட்டிக்குள் படுக்கிறார் என்று கேள்வி வந்தது. ஏர்வாடியில் பெட்டி என்றால் என்ன, உங்களுக்குத் தெரியாததா? “அவரு பன்னெண்டு வருசம் சீமைக்குப் போயிட்டு வந்திருக்காரு. பெட்டியைக் கண்டதும் சொந்தக்காரங்க தெறந்து ஆளுக்கொன்னா எடுத்துட்டுப் போயிருவாங்கன்னு காவலுக்கு உள்ளேயே படுத்துக்கிறாரு” என்றேன். எல்லோரும் ஒரே குரலில் “நியாயந்தானே” என்றார்கள். பகலில் ஏன் வெளியே வருவதில்லை? இத்தனை வருடம் வராமல் இருந்துவிட்டு எந்த முகத்தோடு தெருவில் நடப்பது என்ற வெட்கம். ஜன்னலில் வந்து மோதும் வவ்வால்? சீமைத் தபால். அந்த வீட்டு ஜன்னலில் டாக்டர் எதற்குப் பூண்டு கட்டித் தொங்கவிடுகிறார்? வாயுத் தொல்லைக்கு. எட்டாவது வாரம் துரை நிலைக்கண்ணாடி முன்னால் நிற்கிறார், அவர் உருவம் அதில் தெரியவில்லை. “ரசம் போன கண்ணாடி” என்று சொல்லித் தப்பித்தேன். ஐந்தாவது வாரத்திலிருந்தே கபீர் மொட்டை மாடியில் ஏறிப் பாய்மரத்தைத் திருப்பும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டிருந்தார். மேலேயிருந்து “தெரியுதா?” என்று ஒரு சத்தம் வரும். உடனே “ரகசியத்தைச் சொல்லிட்டாரா?” என்று இன்னொரு சத்தம் வரும். அதைக் கடைசி வாரத்தில்தான் சொல்வார் என்று நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். அது என்ன ரகசியம் என்று எனக்கே தெரியாது.

இங்கேதான் மாப்பிள்ளை, விஷயம் என் கையை மீறியது. கூடத்தில் உட்கார்ந்திருந்த இருபது பேரில் பதினாறு பேருடைய புருஷன்மார் உங்களைப் போல் வெளிநாட்டில். அவர்கள் அந்தத் துரைக்காக அழ ஆரம்பித்தார்கள். டாக்டரைக் கண்டால் திட்டினார்கள். அவர் துரையை மறுபடியும் சீமைக்கே அனுப்பப் பார்க்கும் ஏஜெண்ட் என்று நான்தான் ஒரு வாரம் அவசரத்தில் சொல்லி வைத்திருந்தேன். நஃபீசா அழவில்லை. அவள் சத்தமே போடமாட்டாள். படம் முடிந்து எல்லோரும் போன பிறகும் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒருநாள், “காக்கா, அவரு வீட்டுக்கு வந்தும் பெட்டிக்குள்ளதானே கெடக்காரு?” என்றாள். அன்று இரவு நான் சோறு சாப்பிடவில்லை.

போன மாதம் எங்கள் எதிர்வீட்டுக்குக் கல்பிட்டியிலிருந்து மருமகள் வந்தாள். காலிதா என்று பெயர். இலங்கைப் பள்ளிக்கூடத்தில் பத்து வரை படித்த பெண். சிங்களம் எழுதவும் படிக்கவும் தெரியும். கேள்விப்பட்ட நாளிலிருந்து அந்தப் பக்கத்து ஜன்னலை நான் திறக்கவேயில்லை. கடைசி வாரப் படத்துக்கு முந்தின நாள், அந்தப் பெண்ணை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தர்காவுக்கு அழைத்துப் போய்விடு என்று தாஜுன்னிசாவிடம் சொன்னேன். அவள் நேராக எதிர்வீட்டுக்குப் போய், “எங்க வீட்டுக்காரவுக சிங்களம் படிக்கிறதை நீ வந்து கேளும்மா, ஒனக்கு ஊரு நெனப்பு வந்துரும்” என்று கூப்பிட்டுவிட்டு வந்தாள். மனைவி பெருமைப்படும்போது என்ன செய்ய முடியும்?

ஞாயிற்றுக்கிழமை காலிதா முன்வரிசையில் நஃபீசாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். படம் ஆரம்பித்தது. டாக்டர் கையில் கூர்மையான மரக்கட்டையும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு துரையின் மாளிகைக்குப் போகிறார். நான் விடவில்லை. “பெட்டியை மூடி ஆணி அடிச்சுக் கப்பல்ல ஏத்தப் போறாரு” என்றேன். கூடமே ஓலமிட்டது. கபீரின் பெண்டாட்டி டாக்டரைச் சபித்த சத்தம் மாடியில் கபீருக்கே கேட்டிருக்கிறது. அப்போது காலிதா மெல்லத் திரும்பி, “மாமா, அதுல வேற மாதிரியெல்லோ எழுதிக் கிடக்கு” என்றாள்.

இருபது தலையும் என் பக்கம் திரும்பின. மாடியிலிருந்து, “என்னாச்சு? தெரியுதா?” என்று கத்தினார் கபீர். எல்லாம் தெரியத்தான் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். இருபத்தாறு வருடப் பொய்யை இனியும் தூக்கிச் சுமக்க என்னால் ஆகாது என்று அந்த நிமிடம் முடிவெடுத்தேன். “எனக்குக் கண்ணு சரியாத் தெரியலம்மா. நீயே வாசி” என்றேன். படத்தில் அந்தத் தங்கைக்காரி பெட்டிக்கு மேலே குனிகிறாள். துரை கண்ணைத் திறந்து உதட்டை அசைக்கிறார். கீழே எழுத்து ஓடுகிறது. காலிதா திரையைப் பார்த்தாள். பிறகு நஃபீசாவைப் பார்த்தாள். பிறகு சத்தமாக வாசித்தாள்: “நான் இனித் திரும்பிப் போக மாட்டன்.”

அதுதான் ரகசியம். காலிதாவுக்குக் கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை, அவள் மாப்பிள்ளைக்கு அடுத்த வாரம் துபாய் பயணம். அதற்குப் பிறகு டாக்டர் சுத்தியலை ஓங்கியதும் காற்றடித்து ஆண்டெனா திரும்பிக்கொண்டது. திரையில் வெறும் புள்ளி புள்ளியாகக் கொட்டியது. துரையின் கதி என்னவென்று யாரும் பார்க்கவில்லை. நல்லதாகப் போயிற்று. “சொல்லிட்டாரா?” என்று கபீர் கேட்டுக்கொண்டே படியிறங்கி வந்தார். “சொல்லிட்டாரு” என்றாள் நஃபீசா. சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கே அவள் அழுதது எனக்குக் கேட்டது.

ஆகவே மாப்பிள்ளை, நான் முடிவு செய்துவிட்டேன். டெலிவிஷனைக் கட்டி வைத்தாயிற்று. பாய்மரத்தை நாளைக்கு இறக்கிவிடுவேன். இனி இந்த வீட்டில் படமும் இல்லை, என் வாயில் பொய்யும் இல்லை. ஒன்றும் தெரியாத அப்பாவிப் பெண்களை, அதிலும் என் கூடப்பிறந்தவளை, ஒரு பேயைக் காட்டிப் பதின்மூன்று வாரம் ஏமாற்றி அழவைத்த பாவம் என்னுடையது. அந்தப் பாவத்தைத் தீர்க்க உங்களால்தான் முடியும். ஒப்பந்தம், விசா, சூப்பர்வைசர் என்று எதுவும் எழுதவேண்டாம். நோன்பு ஜூன் மாதம் வருகிறது. பெருநாளைக்கு நீங்கள் இங்கே இருக்கவேண்டும். வந்து நஃபீசாவின் காதில் அந்த ஒரு வரியைச் சொல்லவேண்டும். அவள் மயங்கி விழுந்தால் தண்ணீர் தெளிக்க நான் இருக்கிறேன்.

உங்கள் உடல் நலத்துக்கும் நல்ல புத்திக்கும் ஐந்து வேளையும் துஆ செய்கிறோம். உங்கள் அறையில் உள்ள சகோதரர்கள் எல்லோருக்கும், குறிப்பாக உங்களுக்கு லீவு தர மறுக்கும் அந்த சூப்பர்வைசருக்கும், எங்கள் சலாம்.

இப்படிக்கு,
அசையாத உறுதியுடன்,
மச்சான் கா. காதர் மைதீன்.

பின்குறிப்பு: கவரை ஒட்டச் சொல்லி நஃபீசாவிடம் கொடுத்தேன். அவள் ஒட்டுவதற்கு முன் முழுவதையும் படித்துவிட்டாள். படித்துவிட்டு அடுப்படியில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு வந்து, “காக்கா, அது ரத்தம் குடிக்கிற பேயின்னு எங்களுக்கு எட்டாவது வாரமே தெரியும். ரசம் போன கண்ணாடின்னா, பக்கத்துல நின்ன தங்கச்சிக்காரி மட்டும் அதுல எப்படித் தெரிஞ்சா?” என்றாள். கபீர் உட்பட ஊருக்கே தெரியுமாம். எனக்குச் சிங்களம் தெரியாது என்பது தாஜுன்னிசாவுக்குக் கல்யாணமான மறுவாரமே தெரியுமாம். “அப்ப எதுக்குடீ எல்லாரும் அழுதீக?” என்றேன். “படத்துக்கா அழுதோம்? நீங்க சொன்ன கதைக்குத்தான் அழுதோம். அது எங்க கதைல்ல?” என்றாள். காலிதாவிடம் கடைசியில் என்ன வாசிக்கவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்ததும் நஃபீசாதானாம். “அந்த வரி படத்துல இல்லை காக்கா. அவுக சொல்லி நான் கேக்கணும்னு வச்சிருந்தது” என்றாள்.

ஆகையால் மேலே அப்பாவிப் பெண்கள் என்று எழுதியிருப்பதை அடித்துவிடவும். டெலிவிஷனை அவளே அவிழ்த்துவிட்டாள். வரும் ஞாயிறு புதுத் தொடர் ஆரம்பிக்கிறது, நான்தான் கதை சொல்லவேண்டும் என்று தெருவே சொல்லிவிட்டது. டெக் வேண்டாம் என்று எழுதியதையும் அடித்துவிடவும். ஆனால் பார்சலில் வேண்டாம், கையில் எடுத்து வாருங்கள். உங்கள் பெட்டியை யாரும் தொடமாட்டோம். வெட்கப்படாமல் பகலிலேயே வாருங்கள்.