நிஷா ஆடிய நாளும் நான் அவித்த கடலையும்

ஹந்தானை,
கண்டி.

என் மதிப்புக்கும் அன்புக்கும் உரிய பழனியாண்டி மச்சானுக்கு,

திவாகரன் எழுதிக்கொள்வது. நீங்களும் அக்காவும் கம்பளையில் எந்தக் குறையும் இல்லாமல் இருக்கப் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நானும் உங்கள் தங்கை தவமணியும் சுகம். ‘சுகம்’ என்று எழுதுவதற்கு முன் ஒருமுறை வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். இப்போது பரவாயில்லை.

“மெட்ச் அன்னைக்கு அப்பிடி என்னதான் சாப்பாடு போட்டீங்க, கம்பளை வரைக்கும் பேசிக்கிறாங்க” என்று நேற்றுப் போனில் கேட்டீர்கள். நான் பாதி சொல்வதற்குள் நீங்கள் முழுவதற்கும் பதில் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டீர்கள். எனக்கு அதில் கோபமில்லை. தபால் கந்தோரில் வேலை பார்த்துத் தலை நரைத்தவன் நான். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது என்பது அந்த வேலையில் நான் கண்டுகொண்ட ஒரே நன்மை. ஆகவே வசதியாக உட்கார்ந்து படியுங்கள்.

உங்கள் மருமகள் நிஷாந்தினி மத்திய மாகாணப் பெண்கள் கிரிக்கெட் அணியில் இருப்பது உங்களுக்குத் தெரியும். இத்தனை நாளும் அவள் ஆட்டத்தின் நடுவே தண்ணீர்ப் போத்தலோடு ஓடிப்போய், வெறும் போத்தலோடு திரும்பி ஓடி வருகிற வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். போன கிழமை ஒரு பிள்ளைக்கு விரலில் அடிபட்டுவிட்டது. பாவம், அந்தப் பிள்ளைக்குச் சீக்கிரம் குணமாகட்டும், ஆனால் அவசரமில்லை. உடனே நிஷா போன் எடுத்தாள். “அப்பா, சனிக்கிழமை தம்புள்ளயில மெட்ச். நான் வெளையாடுறேன். டீவியிலயும் போடுவாங்க” என்றாள். அவள் போனை வைத்தாளா இல்லையா என்றுகூட எனக்கு நினைவில்லை. கேட்டைத் திறந்துகொண்டு ரோட்டில் நின்றேன். கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் “சனிக்கிழமை எல்லாரும் நம்ம வீட்டுக்கு வந்துருங்க” என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். “சாப்பாடு நம்ம பொறுப்பு” என்று என் வாய் தன்பாட்டில் சேர்த்துச் சொல்லிவிட்டது.

வருவதாக ஒத்துக்கொண்டவர்கள் மூன்று வீட்டார். பக்கத்து வீட்டுப் பளீல் நானா, டவுனில் துணிக்கடை வைத்திருக்கிறாரே, அவரும் அவர் மனைவி ஜஹானாவும். எதிர்வீட்டு ஜயசிங்க மாத்தயா, சிங்களவர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் மேல்மாடியில் வாடகைக்கு இருக்கும் ராஜரத்தினம் மாஸ்டர், யாழ்ப்பாணத்தவர், விஞ்ஞானம் படிப்பித்தவர். என்ன சாப்பாடு போடலாம் என்று அவர்களிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று வியாழக்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டு முன்னறையில் கூட்டினேன். இதைத்தான் நான் செய்திருக்கக் கூடாது. பாராளுமன்றத்தில்கூட ஏதாவது ஒன்று முடிவாகும்.

முதலில், எந்த விசேஷத்துக்கும் நீங்கள் வழக்கமாகச் சொல்லும் யோசனையைத்தான் வைத்தேன்: கோழி ரோல்ஸ், மீன் கட்லட், கொஞ்சம் காரமாக டெவல் பண்ணிய இறைச்சி. பளீல் நானா மெதுவாகத் தொண்டையைச் செருமினார். “தம்பி, கோழியெல்லாம் நம்மட ஆளுகள்ட ஹலால் கடையில எடுத்தா எனக்குப் பிரச்சின இல்ல. அத நானே வாங்கித் தாரேன்” என்றார். நல்லது என்று நான் தலையாட்டுவதற்குள் ஜயசிங்க மாத்தயா சுவரில் தொங்கிய கலண்டரில் பௌர்ணமி நாளைக் காட்டினார். “சனிக்கிழம போயா நே. ஒரு கடையிலயும் எறச்சி இல்ல. நானும் அன்னிக்கு மச்சம் தொடமாட்டேன்” என்றார். சரி, இறைச்சியும் மீனும் போயிற்று. மரக்கறி ரோல்ஸ், பருப்பு வடை என்று இறங்கி வந்தேன். அப்போதுதான் குசினியிலிருந்து உங்கள் தங்கை வந்தாள். “நிஷா நல்லா ஆடணும்னு பிள்ளையாருக்கு வேண்டியிருக்கேன். மெட்ச் முடியிற வரைக்கும் எண்ணெச் சட்டி நம்ம அடுப்புல ஏறாது” என்றாள். எனக்குத் தெரியாமல் என் வீட்டில் எப்போது இந்த வேண்டுதல் நடந்தது என்று கேட்டேன். “நீங்க ரோட்டுல நின்னு சாப்பாடு நம்ம பொறுப்புன்னு சொன்னீங்களே, அப்போ” என்றாள்.

பொரியல் போயிற்று. இனிப்பாக ஏதாவது வைப்போம் என்றேன். மாஸ்டர் கையை உயர்த்தினார். “எனக்குச் சலரோகம். மற்றாக்கள் தாராளமாச் சாப்பிடுங்கோ, நான் பாத்துக்கொண்டு இருக்கிறன்” என்றார். ஒரு மனிதர் பார்த்துக்கொண்டிருக்கும்போது மற்றவர்கள் எப்படிக் கேசரி சாப்பிடுவது? இனிப்பும் போயிற்று. கடைசியில் மிஞ்சியது கொண்டைக்கடலை. அவித்த கடலையில் தேங்காய்ப்பூவும் செத்தல் மிளகாயும் போட்டுத் தருகிறேன் என்றேன். ஜயசிங்க மாத்தயாவுக்கு வயிற்றில் புண்ணாம், மிளகாய் ஆகாது. மாஸ்டருக்குப் பிரஷர், உப்பு ஆகாது. ஆக, எங்கள் மகள் முதல் தடவை டீவியில் வருகிற நாளுக்கு, மூன்று வீட்டாரும் கூடிக் கலந்துபேசி, ஒருமனதாகத் தெரிவு செய்த விருந்து, உப்பில்லாத காரமில்லாத அவித்த கடலை. எல்லோரும் மிகவும் திருப்தியோடு எழுந்து போனார்கள்.

கடலையை நானே ஊறப்போடுகிறேன் என்று தவமணியிடம் சொன்னேன். கடலை ஊறினால் இவ்வளவு பெருகும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பார்வைக்குக் குறைவாகத் தெரிந்ததால் இன்னும் ஒரு பேக், அதுவும் போதாதுபோல் தெரிந்ததால் இன்னும் ஒன்று என்று பெரிய வாளியில் கொட்டினேன். சனிக்கிழமை காலையில் போய்ப் பார்த்தால் கடலை மூடியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து நிற்கிறது. தவமணி வந்து பார்த்தாள். வீட்டிலிருந்த சட்டி பானை எல்லாவற்றையும் எடுத்து என் முன்னால் வரிசையாக வைத்துவிட்டு, தலை வாரப் போய்விட்டாள்.

மெட்ச் தொடங்குவதற்கு முன்பே எல்லோரும் வந்துவிட்டார்கள். ஒருவரும் வெறுங்கையோடு வரவில்லை. ஜஹானா ஒரு பெரிய தட்டு நிறையப் பொரித்த பெட்டிஸும் ஒரு சட்டி வட்டிலப்பமும் கொண்டுவந்தார். “சும்மா ஒரு கைகாவலுக்கு” என்றார் பளீல் நானா. மிளகாய் ஆகாத ஜயசிங்க மாத்தயா கிரிபத் பாற்சோறும் அதற்குத் தொட்டுக்கொள்ள, பார்த்தாலே கண்ணெரிகிற சிவப்பில் லுணுமிரிஸ் மிளகாய்ச் சம்பலும் கொண்டுவந்தார். சீனி ஆகாத மாஸ்டர் ஒரு பெட்டிப் பணியாரத்தோடு மாடியிலிருந்து இறங்கினார். “இதில இனிப்பு இல்லையா மாஸ்டர்?” என்று கேட்டேன். “சீனி இல்லைத் தம்பி. பனங்கட்டி. அது வேற” என்றார். விஞ்ஞானம் படித்தவரோடு நான் என்ன பேசுவது? சரி, தவமணியாவது என் பக்கம் நிற்பாள் என்று திரும்பினால், அவள் கையில் பாதி கடித்த பெட்டிஸ். “வேண்டுதல் நம்ம அடுப்புக்குத்தான். ஜஹானா வீட்டு அடுப்புக்கு இல்ல” என்றாள். என் கடலையை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, மச்சான்.

முதலில் எதிரணியான தென் மாகாணம் ஆடியது. நிஷா பந்து போட வந்தபோது அவளுடைய முகத்தைப் பெரிதாகக் காட்டினார்கள். கீழே பெயரையும் போட்டார்கள். தவமணி எழுந்து போய் டீவித் திரையில் இருந்த தூசியைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு வந்தாள். நிஷாவுக்கு விக்கெட் கிடைக்கவில்லை, ஆனாலும் அதிகம் அடிவாங்கவும் இல்லை. அதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போனது.

பிறகு நம்முடைய பிள்ளைகள் ஆட வந்தார்கள். இப்போதாவது கடலையைக் கொடுப்போம் என்று நான் தட்டோடு முன்னறைக்குள் காலை வைத்தேன், ஒரு விக்கெட் விழுந்தது. திரும்பிப் போனேன், நாலு ஓட்டம் கிடைத்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்தேன், மறுபடி விக்கெட். மூன்றாம் தரம் நான் குசினி வாசலில் தலையை மட்டும்தான் நீட்டினேன். அவுட். முன்னறையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் டீவியை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மாஸ்டர்தான் பேசினார்: “தம்பி, நான் விஞ்ஞானம் படிப்பிச்சனான். இதுகளை நம்பிறேல்லை. எண்டாலும் நீங்கள் குசினிக்குள்ளயே நில்லுங்கோ.”

“கடலத் தட்டயும் கையில வெச்சுக்கிட்டு நில்லுங்க” என்றாள் என் மனைவி.

நின்றேன். பெற்ற மகள் ஆடுகிற மெட்ச் சுவருக்கு அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம் காஸ் அடுப்புக்கும் பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கும் நடுவில், கடலைத் தட்டோடு. நம்பினால் நம்புங்கள், நான் உள்ளே போனதிலிருந்து ஆட்டம் நிமிர்ந்துவிட்டது. தட்டை ஒருமுறை மேசையில் வைத்தேன். உடனே பளீல் நானா, “தம்பி, தட்டக் கீழ வெச்சீங்களா?” என்று முன்னறையிலிருந்து கேட்டார். அவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பயந்துபோய் எடுத்துக்கொண்டேன். கை வலித்தது, கால் வலித்தது. அதுவரை தங்கள் பலகாரங்களைச் சாப்பிட்டவர்களும் பயத்தில் மெல்லுவதை நிறுத்திவிட்டார்கள் போலிருக்கிறது, தட்டுச் சத்தமும் அடங்கிவிட்டது.

கடைசி ஓவரில் இன்னொரு விக்கெட் விழுந்தது. “நிஷா வர்றா” என்று தவமணி சொன்னது மட்டும் கேட்டது. நிஷாவுக்குத் துடுப்பாட்டம் அவ்வளவாக வராது, மச்சான், அது உங்களுக்கும் தெரியும். கடைசிப் பந்தில் மூன்று ஓட்டம் வேண்டும் என்று ஜயசிங்க மாத்தயா எனக்குக் கேட்பதற்காகச் சத்தமாகச் சொன்னார். ஓடிப்போய்ப் பார்த்துவிடுவோமா என்று என் கால் ஒன்று வாசற்படி வரைக்கும் போனது. பிறகு, நான் போய் அவள் அவுட்டாகிவிட்டால் என்ன செய்வது என்று நினைத்தேன். காலை இழுத்துக்கொண்டேன். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன்.

மட்டையில் பந்து பட்ட சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. அந்த நேரத்தில் நான் என்ன வேண்டினேன் என்று எனக்கே தெரியாது. பிறகு முன்னறை வெடித்தது. கதிரை ஒன்று விழுந்தது. ஜயசிங்க மாத்தயா சிங்களத்திலும் பளீல் நானா தமிழிலும் மாஸ்டர் இங்கிலீஷிலும் கத்தினார்கள். தவமணி குசினிக்கு ஓடி வந்தாள். என் கையிலிருந்த தட்டிலிருந்து ஒரு பிடி கடலையை அள்ளி என் வாயில் திணித்துவிட்டு, என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் வாய் நிறையக் கடலை இருந்தால் அழுவது மிகவும் கஷ்டம், மச்சான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கம்பளை வரைக்கும் வந்த கதை. மெட்சை வெல்ல வைத்தது அந்தக் கடலைதான் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு கட்டிவிட்டார்கள். உப்பில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. கையை நீட்டி நீட்டி வாங்கிச் சாப்பிட்டார்கள். பளீல் நானா கடையில் வேலை செய்கிறவர்களுக்கென்று ஒரு பை நிறையக் கட்டிக்கொண்டு போனார். ரோட்டில் போன முச்சக்கரவண்டிக்காரர்களுக்கும் கொடுத்தோம். வாளிக் கடலை முழுவதும் தீர்ந்தது. என் பங்குக்கு அவர்கள் கொண்டுவந்த பெட்டிஸ், வட்டிலப்பம், கிரிபத், பணியாரம் எல்லாம் மிஞ்சின. மறுநாள் முழுக்க என் வயிறு பட்ட பாட்டைக் கடிதத்தில் எழுத முடியாது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அதே மெட்சைத் திரும்பவும் டீவியில் போட்டார்கள். இன்றைக்காவது கதிரையில் உட்கார்ந்து பார்ப்போம் என்று முன்னறைக்கு வந்தேன். எல்லோரும் வந்திருந்தார்கள். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. ஆனால் கடைசி ஓவர் வந்ததும் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்க்கத் தொடங்கினார்கள். “முடிஞ்சுபோன மெட்சுதானே” என்றேன். “முடிஞ்சதுதான், தம்பி. எண்டாலும் எதுக்கு ரிஸ்க்” என்றார் பளீல் நானா. எழுந்து குசினிக்குப் போய்விட்டேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் பயமாகத்தான் இருந்தது. பிறகு தவமணியின் போனில் அந்த ஒரு பந்தைப் பார்த்தேன். இதுவரைக்கும் எத்தனை தரம் பார்த்தேன் என்று கேட்காதீர்கள். அடித்துவிட்டு அவள் ஓடவே இல்லை, பந்து எல்லைக்கோட்டைத் தாண்டுவதைப் பார்த்துக்கொண்டு அப்படியே நிற்கிறாள். உங்கள் தங்கை நிற்கிற மாதிரியே, இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

இதிலிருந்து நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இனி எங்கள் வீட்டில் எந்த மெட்சுக்கும் எந்த விருந்தும் கிடையாது. யார் வந்தாலும் பிளேன்டீ, கிரீம் கிரெக்கர் பிஸ்கட், அவ்வளவுதான். யாரிடமும் யோசனை கேட்க மாட்டேன். தவமணியிடமும் சொல்லிவிட்டேன். அவள் கடலை வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அதை நான் சம்மதம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி. உங்கள் முழங்கால் வலி குறைந்து, படியேறி எங்கள் வீட்டுக்கு வரும் அளவுக்கு நீங்கள் தேறிவர அம்மன் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
திவாகரன்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது நிஷா போன் எடுத்தாள். வருகிற புதன்கிழமை அவர்கள் அணி கண்டிக்கு வருகிறதாம். “அப்பா, எல்லாரும் நம்ம வீட்டுல சாப்புடணும்னு கேக்குறாங்க. முடியாதுன்னா சொல்லுங்க” என்றாள். “இது ஒரு பெரிய விஷயமாம்மா? சாப்பாடு நம்ம பொறுப்பு” என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகுதான் அவள் விபரம் சொன்னாள். ஒரு பிள்ளை மச்சம் சாப்பிடாதாம், ஒரு பிள்ளைக்கு மீன் ஒத்துக்கொள்ளாதாம், கெப்டனுக்குத் தேங்காய் ஆகாதாம், பயிற்சியாளர் அவித்த முட்டையில் வெள்ளைக்கருவை மட்டும்தான் சாப்பிடுவாராம். ஆகவே மேலே எழுதியதைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். முழங்காலை எப்படியாவது சமாளித்துக்கொண்டு செவ்வாய்க்கிழமையே அக்காவோடு வந்துவிடுங்கள். வரும்போது உங்கள் வீட்டிலிருக்கும் பிளாஸ்டிக் கதிரைகள் எல்லாவற்றையும் வேனில் ஏற்றி வாருங்கள். உனக்கு என்னம்மா சமைத்துவைக்க என்று நிஷாவிடம் கேட்டேன். “எதுன்னாலும் சரிப்பா. நீங்க என் பக்கத்துல உக்காந்து சாப்புடணும்” என்றாள். அதனால் கதிரையை எண்ணும்போது எனக்கும் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்.