திருவேங்கடத்தின் பன்னிரண்டாயிரம் எறும்புகள்

ஒரு காட்டில் பல்கலைக்கழகம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. அங்கே திருவேங்கடம் என்ற அழுங்கு உதவிப் பேராசிரியராக இருந்தது. எறும்புதின்னி என்று கூப்பிட்டால் அதற்குக் கோபம் வரும்.

அதன் துறை கூட்டறிவு. "ஓர் எறும்புக்கு ஒன்றும் தெரியாது. பன்னிரண்டாயிரம் எறும்புகள் சேர்ந்தால் எல்லாம் தெரியும்" என்பது அதன் கோட்பாடு. இதைக் கணினியில் கணக்குப் போட்டு நிரூபித்து, ஒரு கட்டுரை வெளியிட்டுவிட்டால் பேராசிரியர் பதவி நிச்சயம்.

ஆய்வு நெறிக் குழுவின் தலைவர் கரடி கோப்பைப் புரட்டியது.

"ஒரு நிபந்தனை. ஆய்வு முடியும்வரை பங்கேற்பாளர்களைத் தின்னக் கூடாது."

"முடிந்த பிறகு?"

"அது உங்கள் குடும்ப விஷயம்."

அழுங்கு ஒப்புக்கொண்டது. அன்றிலிருந்து விளாம்பழம் தின்று பசியாறியது. புற்றின் வாசலில் சம்மதப் படிவங்களை அடுக்கி வைத்தது. எறும்புகள் வரிசையில் வந்து, சின்ன எழுத்தில் இருந்த அந்த நிபந்தனை உட்பட எல்லாவற்றையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டன. அந்தக் காட்டில் யாராவது ஒரு படிவத்தைப் படித்தது அதுவே முதல் முறை.

கேள்வி எளிது: பதிவாளர் யானையின் எடை என்ன? பன்னிரண்டாயிரம் விடைகளுக்கும் சராசரி எடுத்தால் ஒரு கிலோகூடப் பிசகவில்லை. அழுங்கு சந்தோஷத்தில் சுருண்டு மூன்று முறை உருண்டது.

"சிட்டம்மா! தொடர்ந்து இன்னும் ஒரே ஒரு முறை இப்படி வந்துவிட்டால் ஆய்வு முடிந்தது!" என்று ராணி எறும்பிடம் சொன்னது. சொல்லும்போதே நாக்கு முழ நீளத்துக்கு வெளியே வந்துவிட்டது.

"ரொம்ப சந்தோஷம் சார்," என்றது சிட்டம்மா.

மறு ஆண்டு யானையின் எடை எழுபது கிராம் என்று வந்தது. அடுத்த ஆண்டு மறுபடி மிகச் சரியாக வந்தது. நாலாம் ஆண்டு சராசரி, 'புதன்கிழமை' என்று வந்தது. ஆய்விதழிலிருந்து எப்போதும் ஒரே பதில்தான்: "சுவாரசியமாக இருக்கிறது. இன்னொரு முறை செய்துபாருங்கள்."

இருபத்தாறு ஆண்டுகள் ஓடின. யாரையும் எதுவும் கேட்காமலே கட்டுரை எழுதிய அதன் மாணவர் கீரி துறைத்தலைவராகிவிட்டது. திருவேங்கடம் உதவிப் பேராசிரியராகவே மெலிந்தது.

"என்னங்க, கல்யாண நாளுக்காவது வாய்க்கு ருசியா ஏதாவது உண்டா?" என்று மனைவி கேட்டால், அழுங்கு வரைபடத்தை எடுத்துக் காட்டும்.

ஓய்வு பெறும் நாள் வந்தது. மாலை நான்கு மணியோடு ஆய்வும் முடிகிறது. மூன்றரைக்கே அழுங்கு கழுத்தில் சம்பங்கி மாலையோடு புற்றின் முன்னால் வந்து உட்கார்ந்தது. கண் கலங்கியிருந்தது. நாக்கு வெளியே இருந்தது.

சிட்டம்மா மெல்ல எட்டிப் பார்த்தது. "சார், ஒரு உண்மையைச் சொல்லணும். நாங்க வேணும்னேதான் தப்பாச் சொன்னோம்."

"பன்னிரண்டாயிரம் பேருமா? யார் சொல்லிக் கொடுத்தது?"

"யாரும் சொல்லல சார். கூட்டம்கூடப் போடல. எல்லாருக்கும் சேர்ந்து அப்படியே தோணிடுச்சு."

அழுங்கு துள்ளி எழுந்தது. "அப்படியானால் என் கோட்பாடு சரி! இத்தனை வருஷமும் நிரூபித்துக்கொண்டே இருந்திருக்கிறீர்கள்! இன்றைக்கே எழுதி அனுப்புகிறேன்!"

"தாராளமா அனுப்புங்க சார். ஆனா இருபத்தாறு வருஷமானாலும் ஒரு தடவை ஏமாத்தினதா தானே கணக்கு? ஒரே தடவை நடந்ததை வெச்சு எப்படி ஒத்துக்குவாங்க?"

அழுங்கு யோசித்தது. அதுவும் நியாயம்தான். பதிவாளரிடம் ஓடி, நான்கு அடிப்பதற்குள் ஆய்வுக்கு ஐந்தாண்டு நீட்டிப்புக் கேட்டு விண்ணப்பம் கொடுத்தது. பரிந்துரைப்போர் என்ற இடத்தில் பன்னிரண்டாயிரம் கையெழுத்துகள் இருந்தன.

நீதி: உங்களைத் தின்னக்கூடியவர் பக்கத்தில் குடிவந்தால் வீட்டைக் காலி செய்யாதீர்கள். அவருக்கு ஓர் ஆய்வுத் திட்டம் வாங்கிக் கொடுங்கள்.